பேசாமற்போன கணினி குறித்து ஒரு தொலைபேசி ஊழியரின் முறையீடு

அனுப்புநர்:
யோ. குணபூசணி,
தொலைபேசி இயக்குநர்,
கருணைக்கரம் சிறுநீரக நல அறவாரியம், கிள்ளான்.
(இல்லம்: ஜாலான் ஸ்காட், பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்)

பெறுநர்:
உயர்திரு கா. சிவகுருநாதன் அவர்கள்,
நிர்வாகச் செயலாளர்,
கருணைக்கரம் சிறுநீரக நல அறவாரியம், கிள்ளான்.

பொருள்: என் பணிக் கணினியிலிருந்து நீக்கப்பட்ட வாசிப்பு மென்பொருளையும் நேரப்பதிவு மென்பொருளையும் மீண்டும் ஒதுக்கித் தருதல், என் இடமாற்ற ஆணையையும் திருமதி தங்கமணிக்குத் தரப்பட்ட எச்சரிக்கையையும் மீட்டுக்கொள்ளுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் வேலைப்பளு தெரிந்திருந்தும் இந்த நீண்ட கடிதத்தை அனுப்புகிறேன். நேரில் வந்து சொல்லத் தொடங்கினால் என் குரல் தழுதழுத்துவிடும். தாங்கள் ஆறுதல் சொல்வீர்கள். பேச்சு அத்துடன் முடிந்துவிடும். எனக்கு இப்போது வேண்டியது தாங்கள் கையெழுத்திட்ட ஓர் உத்தரவு. ஆகவே எழுத்தில் முறையிடுகிறேன்.

இருபத்தாறாவது வயதில் எனக்குப் பார்வை முழுவதும் போய்விட்டது. அதற்கு முன் ரயில்வே அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். பிறகு தொலைபேசி இயக்கக் கற்றுக்கொண்டு இந்த அறவாரியத்தில் சேர்ந்தேன். இங்கே கணினி வந்தபோது நான் பயந்தேன் என்பதே உண்மை. திரையில் உள்ள எழுத்தைச் சிறு ஒலிபெருக்கி வழியாக உரக்கப் படித்துக் காட்டும் வாசிப்பு மென்பொருள் ஒன்று நன்கொடையாகக் கிடைத்த பிறகே அந்தப் பயம் தீர்ந்தது. அது ஆங்கிலத்தை இயந்திரக் குரலில் கடித்துக் கடித்துப் பேசும். பழகுவதற்குள் தலைவலி வந்துவிடும். ஆனாலும் அந்தக் குரலைக் கேட்டுத்தான் நோயாளிகளின் இரத்தச் சுத்திகரிப்பு நேரங்களைப் பார்த்துச் சொல்லவும் மாற்றிப் பதியவும் செய்தேன். என் பதவியின் பெயர் தொலைபேசி இயக்குநர் என்றிருந்தாலும், அழைப்பவர்களில் பெரும்பாலோர் கேட்பது தங்கள் முறை எப்போது என்பதைத்தான்.

இவ்வாண்டுத் தொடக்கத்தில் யாரோ கொண்டுவந்த பிளாப்பி வட்டிலிருந்து வைரஸ் பரவி நோயாளிகளின் பதிவுகள் பல அழிந்தன. அதன் பிறகு கணினிப் பிரிவுத் தலைவர் திரு. ராதாகிருஷ்ணன் எல்லாக் கணினிகளையும் ஒரே மைய இயந்திரத்தோடு இணைத்தார். ஊழியர் தம் பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டினால், அவர் பதவிக்கு ஒதுக்கப்பட்ட மென்பொருள்கள் மட்டுமே திரையில் வரும். ஒதுக்கப்படாத எதையும் மைய இயந்திரமே நீக்கிவிடும். இது தேவையான ஏற்பாடுதான். அழிந்த பதிவுகளை மீண்டும் தட்டிச் சேர்த்தவர்களில் நானும் ஒருத்தி. அதனால் இந்த ஏற்பாட்டை நான் குறை கூறவில்லை.

ஆனால் ஒதுக்கீடு செய்தபோது பதவிப் பெயரை மட்டுமே பார்த்தார்கள். தொலைபேசி இயக்குநருக்கு உள் தொலைபேசி எண் பட்டியலும் கணினிவழி உள் அஞ்சலும் போதும் என்று முடிவாயிற்று. நேரப்பதிவு மென்பொருள் பதிவு எழுத்தருக்கு மட்டும் என்றாயிற்று. வாசிப்பு மென்பொருள் யாருடைய பதவியிலும் அடங்காததால் 'சொந்த உபயோக மென்பொருள்' என்று நீக்கப்பட்டது. மறுநாள் காலை நான் கணினியை இயக்கினேன். விசிறியின் இரைச்சல் கேட்டது, குரல் வரவில்லை. ஒலிபெருக்கியின் கம்பி கழன்றிருக்குமோ என்று வெகுநேரம் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூடுதல் மென்பொருள் வேண்டுவோர் திரையில் உள்ள விண்ணப்பப் பகுதியில் கேட்க வேண்டும் என்றார்கள். அந்தத் திரையைப் படிக்கத்தான் எனக்கு அந்த மென்பொருள் வேண்டும். பண்டகசாலை ஜெயராஜ் எனக்காக விண்ணப்பத்தைத் தட்டினார். பதில் உள் அஞ்சலில் வந்ததாம். காரணத்தை உறுதிப்படுத்தும்படி அதில் கேட்டிருந்தார்களாம். என்னால் அதைப் படிக்க முடியவில்லை, வந்ததே தெரியாது. கெடு முடிந்ததும் விண்ணப்பம் தானாக மூடப்பட்டுவிட்டது. என்னிடம் இருந்த பிளாப்பியிலிருந்து ஜெயராஜ் வாசிப்பு மென்பொருளை ஒருமுறை மீண்டும் ஏற்றியும் கொடுத்தார். அடுத்த நாள் காலை மைய இயந்திரம் அதைத் துடைத்துவிட்டது. அப்படி ஏற்றியது விதிக்குப் புறம்பானது என்று பின்னர் அறிந்துகொண்டோம். அதன் பிறகு நாங்கள் அதைச் செய்யவில்லை.

இதன் விளைவு என்னோடு நின்றிருந்தால் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஜூலை மாதம் பந்திங்கிலிருந்து பவுனம்மாள் என்பவர் பொதுத் தொலைபேசியில் அழைத்தார். அவர் கணவர் சபாபதி நம்மிடம் சிகிச்சை பெறுபவர். "அக்கா, நாளைக்கு எங்க வீட்டுக்காரருக்குக் காலையிலயா சாயங்காலமா? காலையிலன்னா மொத பஸ்ஸுக்கே கிளம்பணும்லா," என்றார். நேரத்தைக் கேட்டுச் சொல்லப் பதிவு மேசையில் அப்போது யாரும் இல்லை. சற்றுப் பொறுக்கச் சொல்லிவிட்டு, யாராவது வருகிறார்களா என்று குரல் கொடுத்துப் பார்த்தேன். "சில்லறை முடியப் போகுது அக்கா, சீக்கிரம் சொல்லுங்க," என்றார். விடை பதிவு மேசைக் கணினியிலேயே இருந்தது. என்னால் சொல்ல முடியவில்லை. இணைப்பு அறுந்தது.

சுத்திகரிப்பு இயந்திரம் ஒன்று பழுதானதால் சபாபதியின் முறை மாலைக்கு மாற்றப்பட்டிருந்தது. அது தெரியாமல் இருவரும் விடியற்காலையிலேயே வந்துவிட்டார்கள். நடைவழியில் காத்திருந்தவருக்கு நண்பகலுக்குள் மூச்சுத்திணறல் வந்துவிட்டது. தாதியர் வேறொருவரின் முறையை ஒத்திவைத்து அவரைக் காப்பாற்றினார்கள். அதன் பிறகும் சில நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டே வீடு திரும்பினார். பவுனம்மாள் என் மேசைக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க மேல கோவம் இல்ல அக்கா. எப்பவும் டக்குனு சொல்லிடுவீங்களே, அன்னிக்கு என்னா ஆச்சு?" என்று கேட்டார். மென்பொருள் ஒதுக்கீடு பற்றி அவரிடம் என்ன சொல்வது?

அன்று முதல் பதிவு எழுத்தர் திருமதி தங்கமணி தம் நாற்காலியை என் மேசைக்கு அருகில் போட்டுக்கொண்டார். என் கணினியிலும் தம் பெயரையே தட்டி நேரப்பதிவைத் திறந்து வைப்பார். அழைப்பு வந்தால் அவர் படிப்பார், நான் பதில் சொல்வேன். அதன் பிறகு அழைத்த ஒரு நோயாளிக்கும் நேரம் சொல்லப்படாமல் போகவில்லை. ஆனால் ஒரே பெயர் இரண்டு கணினிகளில் இயங்குவது கணினிப் பிரிவுக்குத் தெரியவர, கடவுச்சொல்லை முறைகேடாகப் பயன்படுத்தியதாக அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் தரப்பட்டது. "விடுங்க குணா, ஒரு கடுதாசிதானே," என்று என்னிடம் சிரித்தார். அவருக்கு அடுத்த மாதம் பணி நிரந்தரமாக்கப்பட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்ப்பவர் அவர். அந்தச் சிரிப்பை என்னால் நம்ப முடியவில்லை.

நான் திரு. ராதாகிருஷ்ணனிடம் நேரில் சென்று கேட்டேன். அவர் கடுமையாகப் பேசவில்லை. "மென்பொருள்ல பிரச்சினையே இல்ல மேடம். உங்க பேருக்கு ஒதுக்கச் சொல்லி மேலேருந்து ஓர் ஓர்டர் வந்தா, டீ குடிக்கிற நேரத்துல முடிச்சிடுவேன். நானா சேத்துக் குடுத்தா, நாளைக்கு எல்லாரும் ஆளுக்கொண்ணு கேட்டு வந்து நிப்பாங்க," என்றார். அவர் நிலை எனக்குப் புரிந்தது. அந்த 'மேலே' தாங்கள்தான் ஐயா.

இதற்கிடையில், வரும் மாதம் முதல் தேதியிலிருந்து பஞ்சும் கட்டுத்துணியும் மடித்து அடுக்கும் பிரிவுக்கு நான் மாற்றப்பட்டிருப்பதாக ஆணை வந்தது. தாங்களே என்னை அழைத்து, "உங்க நல்லதுக்குத்தான் அம்மா. சம்பளம் அதேதான். அங்க கணினித் தொல்லையே கிடையாது," என்றீர்கள். தங்கள் அன்பை நான் சந்தேகிக்கவில்லை. அன்று கொமுட்டர் ரயிலில் வீடு திரும்பும்போது அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். துணி மடிப்பது இழிவான வேலை இல்லை. ஆனால் என் கண் போன காலத்தில் உறவினர் எல்லோரும் இதே கனிவோடுதான் ஒவ்வொரு வேலையாக என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். மீண்டு வர எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. கணினி எனக்குத் தொல்லையாக இருந்ததில்லை. அதன் குரலை எடுத்த பிறகுதான் நான் மற்றவர்களுக்குத் தொல்லையானேன்.

ஆகவே தாங்கள் அருள்கூர்ந்து வாசிப்பு மென்பொருளையும் நேரப்பதிவு மென்பொருளையும் என் பெயருக்கு ஒதுக்கும்படி கணினிப் பிரிவுக்கு எழுத்துப்பூர்வமாகப் பணிக்க வேண்டும். என் பிளாப்பியை வைரஸ் சோதனைக்கு உட்படுத்த முழுமனதோடு சம்மதிக்கிறேன். இனி எவருடைய ஒதுக்கீட்டையும் நீக்குமுன் அந்த நாற்காலியில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்கும்படி செய்தால் நன்று. இடமாற்ற ஆணையைத் திரும்பப் பெறவும் வேண்டுகிறேன். இவற்றில் ஒன்றைத்தான் தர இயலும் என்றால், திருமதி தங்கமணியின் எச்சரிக்கையை முதலில் நீக்குங்கள். அறவாரியத்தின் நோயாளிகளுக்காகத்தான் அவர் விதியை மீறினார். நான் காத்திருப்பேன்.

ஒரு சிறு விண்ணப்பம்: தங்கள் முடிவை உள் அஞ்சலில் அனுப்ப வேண்டாம். தொலைபேசியில் சுழியத்தை அழுத்துங்கள் ஐயா. இந்த மாதம் முடியும் வரை நான்தான் எடுப்பேன்.

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,

(கையொப்பம்)
யோ. குணபூசணி

இடம்: பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
நாள்: 18 ஆகஸ்டு 1997

நான் சொல்லச் சொல்ல எழுதி, முழுவதையும் எனக்குப் படித்துக் காட்டியவர்: திருமதி மார்க்கிரட், அண்டை வீட்டார், பிரிக்பீல்ட்ஸ்.