ஒன்பதாம் பாத்தியில் இருப்பது அந்திப்பட்டு அல்ல

அனுப்புநர்:
ஒன்பதாம் பாத்திக்கு ரோஜா கொடுத்த ஓய்வுபெற்ற சர்வேயரின் மகள்,
பூங்காவின் பின் தெரு.

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
நகராட்சி ரோஜாப் பூங்கா.

பொருள்: பழைய ரகங்கள் பகுதியில் பெயர்ப்பலகை ஒன்றைத் திருத்தக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி பாத்தியின் பலகையில் 'அந்திப்பட்டு' என்ற ரகப்பெயரும், அந்த ரகத்தைக் 'காத்தவர்' என்ற இடத்தில் காலஞ்சென்ற என் அம்மாவின் பெயரும் உள்ளன. எங்கள் வீட்டுச் செடியிலிருந்து குச்சி வெட்டிக் கொடுத்தவர் அப்பா. அவர் சொல்லை நம்பியே பலகை வைத்தீர்கள். ஆகவே இப்புகார் எங்கள் மீதுதான்.

2. அந்திப்பட்டு செம்பு நிறம், அடுக்கு இதழ். பாத்தியில் இம்மாதம் முதன்முறையாகப் பூத்திருப்பதோ வெள்ளை, ஐந்தே இதழ். மண் மாறினால் நிறம் மாறும் என்றார் அப்பா. அம்மா போனபின் வீட்டில் அது பூக்கவே இல்லை. செடிக்கும் துக்கம் என்று சொல்லிக்கொண்டோம்.

3. சென்ற ஞாயிறு பூங்காவில், ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் அம்மையார் ஒருவர், இது நல்ல ரகங்களை ஒட்டுக்கட்ட அடிச்செடியாகப் பயன்படும் காட்டு ரோஜா என்று அப்பாவிடம் தணிந்த குரலில் சொன்னார். "எங்க வீட்டுப் பூ எங்களுக்குத் தெரியாதா? பலகையில உங்க பேர் இல்லன்னு வயித்தெரிச்சலா?" என்று அப்பா பலர் முன்னிலையில் கேட்டார். அம்மையார் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். நான் அப்பாவின் பையைப் பிடித்தபடி நின்றேன்.

4. அன்று மாலை வீட்டுச் செடியின் அடிமண்ணை விலக்கிப் பார்த்தேன். தழைத்திருப்பதெல்லாம் ஒட்டுக்குக் கீழிருந்து வந்த காட்டு ரோஜாக் கிளைகள். ஒட்டுக்கு மேலே கட்டைவிரல் நீளத்தில் ஒரு பட்ட குச்சி, நுனியில் கத்தரி வெட்டு. நோஞ்சான் கிளையை நீக்கி, திடமானதை அப்பா வளர்த்திருக்கிறார். நீக்கியதுதான் அம்மாவின் ரோஜா. இது அவருக்கு இன்னும் தெரியாது.

5. மறுநாள் மன்னிப்புக் கேட்க அம்மையார் வீட்டுக்குப் போனேன். துணி துவைக்கும் கல்லருகே அந்திப்பட்டு பூத்திருந்தது. என் அம்மா என்றோ கொடுத்த குச்சியாம். அதை அவர் ஞாயிறன்று சொல்லிக்காட்டவில்லை. என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

6. எனவே, தற்போதைய பலகையை எடுத்துவிடவும், அந்தப் பாத்தியிலிருந்து குச்சி வாங்கிப்போனவர்களுக்குத் தவற்றை அறிவிக்கவும் வேண்டுகிறேன். அம்மையார் குச்சி தரச் சம்மதித்துள்ளார். புதிய பலகையில் 'காத்தவர்' என அவர் பெயரே இருக்கட்டும். இப்போதுள்ள செடியைப் பிடுங்க வேண்டாம். அது யார் பெயரையும் கேட்கவில்லை.

7. அப்பா தினமும் காலையில் பூங்காவுக்கு வருகிறார். வீடு திரும்பியதும், "உங்கம்மாவைப் பாத்துட்டு வந்துட்டேன்" என்பார். பலகை எடுக்கும் நாளை எனக்கு முன்கூட்டியே தெரிவிக்கக் கோருகிறேன். வெறும் கம்பத்தைப் பார்த்து அவர் தெரிந்துகொள்ளக் கூடாது. நான் சொல்லிவிடுகிறேன்.

இடம்: பூங்காவின் பின் தெரு
நாள்: செவ்வாய்க்கிழமை

தலைகுனிவுடன்,
(ஒப்பம்)
சர்வேயரின் மகள்