கிரெச்சுக்கு ஒரு படம்

பாப்பாவின் அப்பாவுக்கு,

நீங்கள் போனை எடுப்பதில்லை; திக்லிபூர் பஸ்ஸில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அங்கே உங்கள் வேலை எப்போதோ முடிந்துவிட்டதாம். நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஜூனில் பாப்பாவை கிரெச்சில் விட இப்போதே சொல்லி வைக்க வேண்டும். நாலு மணிக்கு மூடிவிடுவார்கள். எனக்கு ஹேடோ துறைமுகத்தில் டியூட்டி ஐந்து வரை. "லேனே கோன் ஆயேகா?" என்று கிரெச் ஆன்ட்டி கேட்டார், கூட்டிப் போக யார் வருவார்கள் என்று. நீங்கள் என்று வாய் சொல்லிவிட்டது. ஏனென்று எனக்கே தெரியவில்லை.

இப்போது உங்கள் படம் கேட்கிறார்கள். அந்த முகத்தைப் பார்த்துத்தான் பிள்ளையைக் கொடுப்பார்களாம். போனில் இருந்ததையெல்லாம் கோபத்தில் அழித்துவிட்டேன். மிச்சம் கல்யாணப் படம் மட்டும்தான். கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருக்கிறேன், உங்களைக் கொடுக்க என்னை வெட்ட வேண்டும். வெட்டவா?

நேரில் வந்து முகத்தைக் காட்டினாலும் போதுமாம்.

பாப்பாவின் அம்மா