இரண்டாம் பதிப்பில் பிழைத்தவள்

அண்ணனுக்கு,

இன்று காலை பஸ்ஸில் முன்னால் இருந்தவர் மூக்குப்பொடி டப்பியைத் திறந்தார். நீங்கள் போடும் அதே பட்டணம் பொடி. அமராவதிபுதூர் வரும்வரை உங்கள் நினைவாகவே இருந்தது.

ஊரில் உங்களை முதலில் கவிராயர் என்றார்கள். பிறகு சென்னைக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியர் ஆனீர்கள். பர்மாவுக்குக் கொண்டுவிற்க, வியாபாரம் பார்க்கப் போகாத பிள்ளை என்று பெற்ற அப்பச்சிக்கு மனத்தாங்கல்தான். அப்புறம் உங்கள் நாவல் வந்தது. அதில் வரும் இளம் விதவை கடைசியில் ஊருணியில் விழுந்து சாகிறாள். படித்தவர்கள் அழுதார்களாம்.

என் கணவர் ரங்கூனில் இறந்த மறு வருஷம் அது. எழுத்துக் கூட்டி நானும் படித்து முடித்தேன். எனக்கு அழுகை வரவில்லை. விடுமுறைக்கு நீங்கள் வந்தபோது, சோறு பரிமாறிக்கொண்டே கேட்டேன்.

“அவளை ஏண்ணே கொன்னீக?”

உங்கள் கை இலையிலேயே நின்றுவிட்டது. “வேற என்ன செய்வா? எனக்குத் தோணலயே தங்கச்சி.”

“படிக்கப் போயிருப்பா.”

நீங்கள் மேலே சாப்பிடவில்லை. கை கழுவிவிட்டு நேரே அப்பச்சியிடம் போனீர்கள்.

“அவ எங்குட்டும் போக வேண்டாம். ஊரு என்ன பேசும்?” என்றார் அப்பச்சி.

“ஊரு பேசுறத நான் கேட்டுக்கிறேன். அவ படிக்கட்டும்.”

நம்மைப் பெற்ற ஆத்தா என் சேலைகளை மடித்துப் பெட்டியில் வைத்தார்கள்.

அதன்பின் உறவில் யாரும் உங்களை விசேஷங்களுக்கு அழைக்கவில்லை. நீங்கள் அதைப் பற்றி என்னிடம் பேசியதும் இல்லை. சென்னையில், என்னைவிடச் சின்னப் பெண்களோடு நான் வகுப்பில் உட்கார்ந்திருந்த நாட்களில், நீங்கள் கடைசி அத்தியாயத்தைத் திருத்தி எழுதினீர்கள். இரண்டாம் பதிப்பைப் படித்த கல்லூரி நண்பர் ஒருவர், கதையின் அழகே போய்விட்டது என்று குறைப்பட்டார்.

“போகட்டுமே. அவ இருக்கால்ல?” என்று சிரித்தீர்கள்.

இப்போது நான் அமராவதிபுதூர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா. உங்கள் பாட்டுகளில் பாதி மறந்துவிட்டது, அண்ணே. மறக்காதது ஒன்று உண்டு. நாம் ஊரைவிட்டுப் புறப்பட்ட காலையில் தெருவே வாசலில் நின்று பார்த்தது. நான் முக்காடிட்டு உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். நீங்கள் நின்று வழிவிட்டீர்கள். “நீ முன்னால போ. நான் வாரேன்.”

இன்றும் தெருவில் இறங்கும்போதெல்லாம் நீங்கள் பின்னால் வருகிறீர்கள் என்றுதான் நடக்கிறேன்.

உங்கள் தங்கை