இழுக்காத இரண்டு சக்கரங்கள்

அன்பு மகளுக்கு,

என்னை ஒரு வார்த்தை கேட்காமல் வண்டியில் நாலு சக்கர இழுவை வேண்டாம் என்று சொன்னது நீ, அது தப்பு. இதைச் சொல்லிவிட்டுத்தான் நலம் விசாரிப்பது என்று இருந்தேன், விசாரித்தாயிற்று என்று வைத்துக்கொள். நான் நலம். அம்மாவுக்கும் இடுப்புத் தையல் ஆறிவிட்டது, ஆனால் அவள் நம் வீட்டில் இல்லை, மேட்டுக்குக் கீழே சித்தி வீட்டில் இருக்கிறாள்.

நேற்று ஷோரூமில் வண்டியை எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் அவளை ஏற்றி வந்தேன். வெளியே பார்க்க நான் பதிவு செய்த அதே சின்ன வண்டிதான், ஒரு சந்தேகமும் வரவில்லை. மழை விட்டு, நம் வீட்டுக்கு ஏறும் மேடு முழுக்கச் சேறு. கடைசி வளைவுக்கு முன்னால் பழைய வண்டியில் செய்வது போலவே, நாலு சக்கரத்தையும் இழுக்க வைக்கிற, கியருக்குப் பக்கத்துக் குட்டி லீவரைப் போடக் கையை நீட்டினேன், கை ஒரு குழிக்குள் போய் விழுந்தது. தம்ளர் வைக்கிற குழி! அதற்குள் முன் சக்கரம் இரண்டும் வெறுமனே சுற்ற, வண்டி பின்னால் வழுக்கிக்கொண்டே போய் ஓரக் கல்லில் முட்டி நின்றது. கல் இல்லையென்றால் பள்ளம்தான். பின் சீட்டிலிருந்து உன் அம்மா, "நான் வேணா இறங்கிக்கிறேன், நீங்க ஏத்துங்க" என்கிறாள், வாக்கரைப் பிடித்தே நாலு அடி வைக்க முடியாதவள். வண்டியை அப்படியே பின்னுக்கு இறக்கி, அவளைச் சித்தி வீட்டில் விட்டு, வண்டியையும் அங்கேயே போட்டுவிட்டு நான் நடந்து ஏறினேன்.

ஷோரூம் பெண்ணைக் கூப்பிட்டுக் கத்தினேன். "புது மாடல் வந்து விலை ஏறிடுச்சு அங்கிள், பழைய விலைக்கு ரெண்டு சக்கர இழுவைதான் வரும், உங்களுக்கு எத்தனை தடவை போன் அடிச்சோம், எடுக்கவே இல்ல, உங்க பொண்ணுதான் சரின்னாங்க" என்றாள். தெரியாத நம்பரை நான் எடுப்பதில்லை, இனியும் எடுக்க மாட்டேன். "விலை ஏறினது தெரிஞ்சா அப்பா வண்டியே வேணாம்னுடுவாரு, சொல்லாதீங்க" என்றாயாமே. சொல்லியிருப்பேன்தான். ஒரு நாள் முழுக்கக் கத்தியிருப்பேன், மறுநாள் போய்க் கட்டியிருப்பேன். இப்போது முன்னால் தட்டு மாதிரி ஒரு திரை, கூரையில் ஒரு கண்ணாடி. வானம் பார்க்கவா நான் வண்டி கேட்டேன்?

வேளைக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள், ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இரு. ஆனால் கடிதம் கிடைத்ததும் அந்தப் பெண்ணிடம் பேசி, இந்த வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு நாலு சக்கர இழுவை உள்ளதைத் தரச் சொல்ல வேண்டியது நீ. நசுங்கிய பம்பருக்கும் விலை வித்தியாசத்துக்கும் பணம் கட்ட வேண்டியது நான், நீ ஒரு காசு அனுப்பக் கூடாது. வண்டியைத் திருப்பி ஓட்டிப் போக வேண்டியது சித்தப்பா, நான் அதைத் தொட மாட்டேன். மேட்டை நடந்தே ஏறிவிடுகிறேன் என்று அம்மா அடம் பிடிக்கிறாள், அவளைத் தடுக்க வேண்டியதும் நீதான், என் பேச்சு அங்கே எடுபடாது. அவள் வரும்வரை இந்த வீட்டில் தனியாக இருக்க வேண்டியது நான்.

கோபத்தோடும் ஆசீர்வாதத்தோடும்,
அப்பா