ஐந்து காசு மேசையில் மீட்ட ஆர்மோனியம்

குளுவாங், ஜொகூர்
18.11.1935

சௌபாக்கியவதி புஷ்பவள்ளிக்கு அப்பா மனம் நிறைந்த ஆசியோடு எழுதுவது. முருகன் தயவில் இங்கே நானும் உன் அம்மாவும் நலம், அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் மழைக்கு மழை வந்து போகிறது, ரங்கூனில் நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். முதலில் நல்ல சேதி. உன் ஆர்மோனியப் பெட்டி நேற்று சிங்கப்பூருக்கு ரயிலேறிவிட்டது, அங்கிருந்து கப்பலில் உன்னிடம் வரும். இதை எழுதும்போது என் மீசை தானாக மேலே போகிறதாம், உன் அம்மா பார்த்துச் சிரிக்கிறாள்.

நாலு கடிதத்தில் நீ அந்தப் பெட்டியைக் கேட்டாய். துருத்தியை எலி கடித்துவிட்டது, கப்பலில் இடமில்லை என்று நாலு தடவையும் சாக்குச் சொன்னேன். எல்லாம் பொய் அம்மா. போன வருஷத் தீபாவளிக்குக் குளுவாங் கிளப்பில் ஆட்டத்துக்கு ஐந்து வெள்ளி வைக்கும் பெரிய மேசையில் போக்கர் ஆட உட்கார்ந்து, கையில் இருந்ததெல்லாம் போன பிறகு உன் பெட்டியைப் பணயம் வைத்தேன். என் கையில் ஒரு ஜோடிச் சீட்டுக்கூட இல்லை. காலையில் தோட்டத்து ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் நான் குரலை உயர்த்தினால் முந்நூறு பேர் அடங்குகிறார்கள், மேசையில் பணயத்தை உயர்த்தினால் எதிராளியும் அடங்கிவிடுவான் என்று நினைத்தேன். எதிரே இருந்தவர் ரயில் ஸ்டேஷன் கிளார்க் கேப்ரியல். அவர் பெரட்டுக்கு வருகிற ஆளா? என்ன சீட்டு வந்தாலும் கவிழ்க்காத மனிதர். இருக்கட்டும் லா கிராணியாரே, பார்த்துடுவோம் என்று சொல்லி ஒரு ஜோடிப் பத்தைக் காட்டிப் பெட்டியை எடுத்துக்கொண்டார். அறுபது வெள்ளி கொடுத்தால் திருப்பித் தருவதாகச் சொன்னார். அன்று வீட்டு வாசல் வரை வந்து உள்ளே போக முடியாமல் நின்றேன்.

உன் அம்மா இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு அவளே ஒரு வழி சொன்னாள். சனிக்கிழமைக்கு ஒரு வெள்ளி, அதுவும் ஐந்து காசு மேசைக்கு மட்டும், ஜெயித்ததை அவளிடம் கொடுத்துவிட வேண்டும். தோட்டத்துக் கணக்கையே பார்க்கும் தலைமைக் கிராணி ஐந்து காசு மேசையில் உட்காருவதா என்று கிளப்பில் சிரித்தார்கள், சிரிக்கட்டும் என்று விட்டேன். எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் அய்யாவு, பக்கத்து மலாய்க் கம்பத்தில் கடை வைத்திருக்கும் சின்னத்தம்பி, கேப்ரியல், மூன்று பேரும் பொழுதுபோக்குக்கு வருகிறவர்கள், வந்த சீட்டையெல்லாம் ஆடுவார்கள். அவர்களிடம் வெறும் கையை வைத்து மிரட்டுவது வீண் என்று தெரிந்துகொண்டேன். மட்டமான சீட்டு வந்தால் பேசாமல் கவிழ்த்துவிட்டுத் தேத்தண்ணீர் குடிப்பேன், நல்ல சீட்டு வந்தால் கூசாமல் ஏற்றுவேன், அவர்கள் கூடவே வருவார்கள்.

ஆனாலும் ஆனி மாதம் ஐந்து சனிக்கிழமை வரிசையாகத் தோற்றேன். என்னிடம் மூன்று ராஜா இருக்க, ஒன்றுமில்லாத அய்யாவு கடைசிச் சீட்டில் ஐந்தும் ஒரே இனமாகச் சேர்த்துவிட்டார், ஜெயித்தது தாம்தான் என்று அவருக்கே நாங்கள் சொல்லித்தான் தெரியும். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பெரிய மேசைக்குப் போய் ஒரேயடியாக எடுத்துவிடுகிறேன் என்று குதித்தேன். உன் அம்மா அரிசி புடைத்துக்கொண்டே, ஒரு மாசம் மழை பெஞ்சு பால் வெட்ட முடியலன்னா ரப்பர் மரத்தையா வெட்டிப் போடுறீங்க என்று கேட்டாள். அடுத்த சனிக்கிழமையும் அதே ஐந்து காசு மேசைக்கே போனேன்.

புரட்டாசியில் நாற்பத்தேழு வெள்ளி சேர்ந்தது. கேப்ரியலுக்குச் சேதி எட்டிவிட்டது. எதுக்கு இழுத்துக்கிட்டு, ஒரே ஆட்டம் ஆடுவோம், ஜெயிச்சா பெட்டியைச் சும்மா தூக்கிட்டுப் போங்க, தோத்தா அந்த நாப்பத்தேழும் எனக்கு என்றார். மேசையைச் சுற்றி எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். ஆசை தொண்டை வரை வந்தது அம்மா, பொய் சொல்லவில்லை. வேண்டாம் சார், எனக்கு இந்த மேசையே போதும் என்று சொல்லிவிட்டுச் சீட்டைக் கலைத்தேன். என் ஆயுளில் நான் ஆடிய நல்ல ஆட்டம் அதுதான். போன சனிக்கிழமை மூன்று எட்டும் இரண்டு ராணியும் கையில் விழுந்தன, மூன்று பேரும் கடைசி வரை கூட வந்தார்கள், அறுபது நிறைந்தது. கேப்ரியல் மனைவி அமலோற்பவம் பெட்டியைத் துடைத்துப் புதுத் துண்டில் சுற்றிக் கொடுத்தாள். தோட்டத்து லாரியில் முன்னால் உட்கார்ந்து அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன், பட்டணப் பிரவேசம்தான் போ.

பெட்டியை அனுப்பிவிட்டு நான் சும்மா இருந்திருக்கலாம், உனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனால் போன கடிதத்தில் மாப்பிள்ளை அங்கே கிளப்பில் பெரிய மேசைக்கு மாறிவிட்டார் என்று ஒரு வரி எழுதி மையால் அடித்திருந்தாய். வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டேன்.

இருவரும் தீர்க்காயுளோடு, மனம் ஒத்து வாழ வேண்டும். கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே. இந்தக் கடிதத்தை முழுதாக மாப்பிள்ளையிடம் படித்துக் காட்டு. மாமனார் தாம் பெற்ற மகளின் பெட்டியைச் சீட்டில் வைத்தவர் என்று அவருக்குத் தெரியட்டும். இனி அவர் எதிரில் நான் எப்படி நிமிர்ந்து உட்காருவேன் என்று நீ கவலைப்படாதே. பெட்டி வந்து சேரட்டும் என்று காத்திராமல் இன்றைக்கே படி.

உன் அப்பா
ஐயாசாமி