கடிகாரத்தின் கால் கட்டைவிரல்

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் நான் கவனித்தது ஒரு கால் கட்டைவிரலை. கடிகாரமாக நடிக்கும் பெண்ணின் விரல் அது. கையால் சுற்றும் என் தையல் மிஷின் ஓடும்போது அந்த விரல் தரையில் தட்டும். நூல் அறுக்க நான் நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். இதைப் போய் யாரிடம் சொல்வது என்று பேசாமல் இருந்துவிட்டேன். நான்தான் எதையும் யாரிடமும் சொல்வதில்லையே.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். நான் வேலை பார்க்கும் தையல் கடைக்குப் பள்ளியிலிருந்து நாடக உடைகள் தைக்கும் வேலை வந்தது. ஆம், நான் விட்டு வந்த அதே பள்ளிதான். தினமும் யாராவது ஒருத்தி பாத்திரம் மாறுவாள், தைத்ததைப் பிரித்துத் தைக்க வேண்டும். அதனால் எங்கள் கடை மாஸ்டர், மிஷினோடு என்னையும் அங்கேயே அனுப்பிவிட்டார். “பேசத் தெரியாத பொண்ணு, அளவு மட்டும் கரெக்டா எடுக்கும்” என்று நாடக டீச்சரிடம் என்னைப் பற்றி நல்லபடியாகச் சொன்னாராம்.

அக்கா, கடைசி மணி அடித்த பிறகு அந்தப் பள்ளி வேறு பள்ளியாகிவிடுகிறது. நாம் படித்தபோது இதெல்லாம் இல்லை. அறிவியல் மன்றத்து அறையிலிருந்து ஏதோ கருகும் வாசம் வரும், ஜன்னல்களைத் திறந்துவிட்டு எல்லோரும் சிரிப்பார்கள். மைதானத்தில் இறகுப் பந்து. நூலகத்தில் சதுரங்கம் ஆடுகிறவர்கள் சண்டைக்காரர்களைப் போல் முறைத்துக்கொண்டிருப்பார்கள். நாடகக் குழுவுக்குக் கைவேலை அறை. அதன் மூலையில்தான் நானும் மிஷினும்.

நாடகம், கடிகாரத்தின் மேல் ஊரே போடும் வழக்கு. பரீட்சை சீக்கிரம் வந்ததற்கும் விடுமுறை சீக்கிரம் முடிந்ததற்கும் அதுதான் காரணமாம். நீதிபதி கடிகாரத்தை நிற்கச் சொல்லித் தீர்ப்புக் கொடுப்பாள். அது நின்றதும் எல்லாம் நின்றுவிடும், வீட்டுக்குப் போகும் மணிகூட அடிக்காது. கடைசியில் நீதிபதியே அதைக் கெஞ்சி ஓட வைப்பாள். நீதிபதியாக நடிப்பவளுக்கு ‘வாயாடி’ என்று பட்டப்பெயர். அவளே பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

நடுவில் ஓர் இடி விழுந்தது. மாலை நேரமெல்லாம் இப்படிப் போனால் மார்க் எப்படி வரும் என்று கணக்கு டீச்சர் புகார் செய்ய, பள்ளிகளுக்கு இடையிலான போட்டியில் பரிசு வராவிட்டால் நாடகக் குழுவைக் கலைத்துவிட்டு அந்த நேரத்தைக் கணக்கு வகுப்புக்குக் கொடுப்பதாகத் தலைமை ஆசிரியை சொல்லிவிட்டார். வாயாடி அன்று வாயே திறக்கவில்லை. எனக்கும் ஊசி கையில் ஏறியது. அந்த மூலை போனால் எனக்கும் அந்தப் பள்ளி மறுபடி போய்விடுமே.

நேற்றுதான் போட்டி. இன்னொரு பள்ளியின் பெரிய மண்டபம். பொத்தான் கித்தான் அறுந்தால் தைக்க ஊசி நூலோடு நானும் போனேன். காலையில் மேடையில் ஒருமுறை நடித்துப் பார்த்தார்கள். அக்கா, எல்லாம் குளறுபடி! கடிகாரம் முடிப்பதற்குள் நீதிபதி பேசினாள், நீதிபதி பேச வேண்டிய இடத்தில் எல்லோரும் ஊமையாக நின்றார்கள். “நேத்து வரைக்கும் தண்ணி மாதிரி ஓடிச்சே, இன்னைக்கு என்னடி பேய் அறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?” என்று டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். “அவ முந்துறா டீச்சர்”, “நீதான்டி இழுக்குற” என்று அவர்களுக்குள் சண்டை.

நான் கட்டைவிரலைப் பார்த்தேன். அது அசையவே இல்லை.

எழுந்து நின்று பாடம் வாசி என்றால் என் தொண்டை அடைத்துக்கொள்ளும், வகுப்பே சிரிக்கும். அதனால்தான் நான் பள்ளியை விட்டேன் என்பது உனக்குத் தெரியும். நேற்று எழுந்து டீச்சரிடம் போனேன். அவரது கைப்பையைப் பிடித்து இழுத்தேன். “மிஷின் இல்ல டீச்சர்” என்றேன். அவருக்குப் புரியவில்லை. வாயாடிக்குத்தான் புரிந்தது. “ஐயோ, டக் டக் எங்கடி? அது இல்லாம நமக்கு எப்படி வரும்?” என்று கத்தினாள். இத்தனை நாளும் அவர்கள் என் மிஷினைக் கேட்டுத்தான் பேசியிருக்கிறார்கள். நானும் என்னை அறியாமல் நீதிபதி வாய் திறக்கும் இடங்களில் கையை நிறுத்தப் பழகியிருக்கிறேன்.

டீச்சர் மாஸ்டருக்குப் போன் போட்டார். அவர் மிஷினை வண்டியில் கட்டிக்கொண்டு வந்து, “துணிக்குத் தையல் போடச் சொன்னா நாடகத்துக்கே போடுறியா?” என்று திட்டிவிட்டு, சக்கரத்துக்கு எண்ணெயும் விட்டார். மேடை ஓரத்தில் பக்கத்திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, ஊசிக்கு அடியில் ஒரு பழைய துணியை வைத்தேன். துணி இல்லாமல் ஓட்டினால் சத்தம் வேறு மாதிரி வரும்.

நாடகம் தண்ணீர் மாதிரிதான் ஓடியது. தீர்ப்பு வந்தது, கையை நிறுத்தினேன். அந்த நேரம் பார்த்துத் திரை இழுக்கிறவர் தவறான கயிற்றை இழுத்துவிட்டார். என் முன்னால் இருந்த பக்கத்திரை சர்ரென்று விலகியது. அவ்வளவு பெரிய கூட்டமும் என்னைப் பார்த்தது.

வாயாடி என் பக்கம் திரும்பி, “ஓடும்மா, தயவு செஞ்சு ஓடு” என்றாள். நாடகத்தில் கடிகாரத்திடம் சொல்ல வேண்டிய வரிதான் அது. என் கை சக்கரத்தைச் சுற்றவில்லை. யாரோ சிரிக்கப் போகிறார்கள் என்று காத்திருந்தேன். அப்போது கடிகாரத்தின் கட்டைவிரல் தெரிந்தது. தரையில் படாமல், அந்தரத்தில், எனக்காகத் தூக்கியபடி நின்றது.

சுற்றினேன் அக்கா. டக். டக். டக். கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது!

முதல் பரிசு. திரை விலகியது திட்டமிட்டதென்றே நடுவர்கள் நினைத்துவிட்டார்கள். காலத்தைச் சுற்றிய பெண்ணும் வர வேண்டும் என்று மேடைக்குக் கூப்பிட்டார்கள், நானாகவே நடந்து போனேன். அந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று ஒரு நடுவர் மைக்கை நீட்டினார். “அது தையல் மிஷின் சத்தங்க” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. மாஸ்டர் பின்வரிசையில் இருந்து, “என் கடைப் பொண்ணு!” என்று கத்தினார்.

குழு கலையாது. கணக்கு டீச்சரே வந்து பரிசுக் கோப்பையைத் தூக்கிப் பார்த்தார். தலைமை ஆசிரியை என்னிடம், “நீ எந்த வகுப்பும்மா?” என்று கேட்டார். எதிலும் இல்லை என்றேன். “அப்போ எதுல வந்து உட்காரப் போற?” என்றார்.

அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை. படியேறும்போது மட்டும் உன்னைத் திட்டுகிறாள், உன் மேல் அவ்வளவு ஏக்கம். இரவு வேலை என்று சாப்பிடாமல் இருக்காதே. ஒன்றே ஒன்று கேட்கிறேன் அக்கா. ஒவ்வொரு கடிதத்திலும் பள்ளியைப் பற்றி ஒரு கேள்வி கேட்பாயே, போன கடிதத்தில் அதை விட்டுவிட்டாய். அடுத்ததில் மறக்காமல் கேள்.

இன்று காலை பெட்டியிலிருந்து என் பழைய பள்ளிச் சீருடையின் நீலப் பாவாடையை எடுத்து, நீளத்தைக் கூட்டக் கீழ்மடிப்பைப் பிரித்தேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
தங்கை