ஆறு சோகியும் கவிழ்ந்தபோது

இன்று காலை மூதூர் லாஞ்சுக்காக இறங்குதுறையில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு பெண் கைப்பிள்ளையோடு நின்றாள். பிள்ளை வெயில் தாங்காமல் வீரிட்டு அழத் தொடங்கியது. அவள் அங்குமிங்கும் பார்த்துவிட்டு, கரையில் கிடந்த ஒரு கருங்கல்லை எடுத்துத் தான் நின்ற இடத்தில் வைத்தாள்.

"தங்கச்சி, இதை ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்கோ. பிள்ளைக்குத் தண்ணி குடுத்திட்டு வாறன்."

"ஓம், போயிட்டு வாங்கோ" என்றேன்.

வரிசை நகர்ந்தது. கல்லைக் காலால் தள்ளினேன். மறுபடி நகர்ந்தது. மறுபடி தள்ளும்போது என்னால் ஏலவில்லை, மச்சாள். நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன். பின்னால் நின்ற ஐயா ஒருவர் எட்டிப் பார்த்து, "என்ன பிள்ளை, கல்லு காலில அடிச்சுப்போட்டுதோ?" என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன். வேறென்ன சொல்வது? பெருநிழலானின் ஊரில் உன்னுடைய கல்லை இப்படித்தான் தள்ளினோம் என்றா?

எல்லாம் அந்தப் பாதிப் புத்தகத்தில் தொடங்கியது. என் மாமா, உன் அப்பா, துறைமுகத்தில் கப்பல் சாமான் இறக்குகிற வேலைக்குப் போய், பின்னேரம் வரும்போது ஏதாவது ஒன்றைக் கொண்டுவருவார். ஒரு நாள் வெளிநாட்டுப் போத்தல், ஒரு நாள் கயிற்றுத் துண்டு. அன்று கொண்டுவந்தது அட்டையும் முன்பாதியும் இல்லாத ஓர் இங்கிலிஷ் புத்தகம். "கப்பல் பெடியன் ஒருத்தன் எறிஞ்சுபோட்டுப் போயிட்டான். படம் கிடக்கு, பாருங்கோ" என்று நம் இரண்டு பேருக்கும் நடுவில் போட்டார்.

படமா அது! பக்கத்துக்குப் பக்கம் பூதமும் பேயும். கொம்பு வைத்தது, வால் வைத்தது, ஒரே கண்ணோடு உருண்டு வருவது. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வாரக்கணக்காகப் படித்தோம். இது கதை இல்லை, விளையாட்டு என்று கண்டுபிடிக்கவே எங்களுக்கு எவ்வளவோ நாள் பிடித்தது. ஒருவர் உலகத்தைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் அந்த உலகத்துக்குள் ஆளாகப் போய், "நான் இதைச் செய்யிறன்" என்று சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்பதைத் தாயக்கட்டை உருட்டிப் பார்க்க வேண்டும். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அன்று சோறு இறங்கவில்லை.

ஆனால் எங்கே தேடியும் அந்தப் புத்தகத்தில் மனிதர் இல்லை. முன்பாதியில் இருந்திருக்க வேண்டும். அது எங்களுக்கு அப்போது தோன்றவே இல்லை.

"மனிசர் எங்கயடி?" என்று கேட்டேன்.

நீ பக்கங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, மிக அமைதியாகச் சொன்னாய். "தோத்துப்போச்சினம் போல."

அந்த ஒரு வசனத்தில் உலகம் பிறந்துவிட்டது. பூதங்கள் வென்று முடித்த உலகம். சண்டை எப்போதோ முடிந்து, தீயவன் சிங்காசனம் ஏறி, அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளே கிழவராகிவிட்ட உலகம். ஒவ்வொரு பூதத்தின் பெயருக்குப் பக்கத்திலும் ஓர் எண் போட்டிருந்தது. அது உத்தியோகத் தரம் என்று முடிவுகட்டினோம். அரசாங்க உத்தியோகத்துக்குத் தரம் இருப்பது போலத்தானே! "இவர் நாலாந்தரம். சங்கக்கடையில கூப்பன் வெட்டுறவர்" என்று நீ கொம்பனைக் காட்டிச் சொன்னாய். "இவர் எட்டாந்தரம். கந்தோரில கதிரையை விட்டு எழும்பார்." அது பூதத்தின் உயிர்ப்பலத்தைக் குறிக்கிற எண் என்று பிறகு ஒரு கப்பல்காரர் மாமாவிடம் சொன்னாராம். அப்போது நீ இல்லை. நான் நம் கணக்கை மாற்றவில்லை.

அது பாண் வாங்கித் தின்னவே வரிசையில் நின்ற காலம். விடியும் முன்பே போய்க் கல்லையோ பனையோலை உமல் பையையோ வைத்து இடம் பிடித்துவிட்டு வந்து, பிறகு போய் நிற்போம். ஆகவே எங்கள் இருண்ட உலகத்தில் நெருப்பு கக்கும் மலையெல்லாம் இருக்கவில்லை. வரிசை இருந்தது. சீனன்குடாக் காட்டுக்குள் இருக்கிற பழைய எண்ணெய்த் தாங்கி ஒன்றில் பெருநிழலான் குடியிருந்தான். அவன் மெல்லக் கதைத்தாலும் தாங்கியின் சுவர் அதைப் பெரிதாக்கி ஊர் முழுக்கக் கேட்கச் செய்யும். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளிலும் ஊராரின் ஞாபகங்களைக் காய்ச்சினார்கள். தெருவில் திரிகிற புள்ளிமான்கள் எல்லாம் ஒரு காலத்தில் மனிதர். வரிசையில் இடையில் புகுந்ததற்காகத் தண்டனை பெற்றவர்கள். அதற்குப் பிறகு கோட்டைப் பக்கம் மானைக் கண்டால் ஸலீமா சிரித்துக்கொண்டே கேட்பாள். "நீங்க எந்தக் கியூவுல பூந்தீங்க?"

ஸலீமா எங்கள் வகுப்புக்காரி. ஞாயிறு தவறாமல் வருவாள். அவளுக்கு இரண்டு கையிலும் வாள் வேண்டும்.

"மெய்யா புள்ள, இவனை வெட்டவே ஏலாதா?"

"ஏலாது. அவன் எப்பவோ வெண்டிட்டான்."

"அப்ப என்ன மண்ணுக்கு விளையாடுறது?"

அதற்கும் நீதான் பதில் சொன்னாய். "அவன் வெண்ட பிறகும் ஆக்கள் விடிய எழும்பிச் சமைக்கினம்தானே. அதை எப்பிடிச் செய்யினம் எண்டு பாப்பம்."

நீ வாள் கேட்கவில்லை. உன்னுடைய ஆள் தங்கம். வரிசையில் நிற்கிற ஒரு பெண், அவ்வளவுதான். வரிசை எதற்கென்று, உலகத்தைச் சொல்கிற நான் இன்னும் யோசித்திருக்கவில்லை. "மூச்சுக்கு" என்றாய். பெருநிழலான் காற்றைப் பூட்டி வைத்திருக்கிறான். ஒவ்வொருவரும் கூப்பனைக் கொடுத்து அந்தக் கிழமைக்கான மூச்சை அளந்து வாங்க வேண்டும். ஸலீமா, "அல்லாஹ்! என்ன மூளை இவளுக்கு!" என்று கையைத் தட்டினாள். நான் தட்டவில்லை. வாசற்படி ஏறி வந்து அரை மணி நேரம் ஆகியும் உனக்கு அப்போது மூச்சு ஆறியிருக்கவில்லை.

சின்ன வயதில் வந்த காய்ச்சல் உன் இருதயத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. கொழும்பில் சத்திரசிகிச்சைக்கு உன் பெயர் பதிந்திருந்தது. உனக்கு முன்னால் எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாது. வீட்டில் எல்லோரும் "சுகமாகும் பிள்ளை, சுகமாகும்" என்றார்கள். நானும் சொன்னேன். நீ எல்லோருக்கும் ஓம் சொல்லிவிட்டு ஞாயிறு பின்னேரம் பெருநிழலானின் ஊருக்கு வருவாய். அங்கே மட்டும்தான் யாரும் உனக்குச் சுகமாகும் என்று சொல்வதில்லை.

உருட்டுவதற்குக் கட்டை கிடைக்கவில்லை. கடற்கரையில் பொறுக்கிய ஆறு சோகிகளை, சோழிகளைத்தான், குலுக்கிப் போட்டு, வாய் மேலே பார்த்து விழுந்தவற்றை எண்ணினோம். வீட்டில் தாயம் விளையாடும்போது ஆறும் குப்புற விழுந்தால் பன்னிரண்டு. அதற்கு மேல் எண் இல்லை. மாமி துள்ளிக் குதிப்பார். "எங்கட உலகத்தில அது தலைகீழ்" என்று நீ சட்டம் போட்டாய். "ஆறும் கவிண்டா ஆள் செத்துது. பிறகு மந்திரம், மருந்து எண்டு ஒருத்தரும் வரப்படாது."

அந்த மழைக்கால ஞாயிறு ஸலீமா வரவில்லை. உன்னைத் தலையணை அடுக்கிச் சாய்த்து வைத்திருந்தார்கள். கால்கள் வீங்கியிருந்தன. தங்கம் அன்று மூச்சு அளக்கிற கவுண்டருக்குக் கிட்டே வந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் ஒரு தாய், கையில் குழந்தை. குழந்தைக்குக் கூப்பன் இல்லை.

"நான் என்ர மூச்சில பாதியை அந்தப் பிள்ளைக்குக் களவா மாத்தப் போறன்" என்றாய்.

"கொம்பன் பாத்துக்கொண்டு நிக்கிறான்."

"நிக்கட்டும். சோகியைத் தா."

கையைக் குலுக்கக்கூட உனக்குப் பலமில்லை. விரலைத் திறந்தாய். அவை தானாகவே விழுந்தன. ஆறும் கவிழ்ந்து கிடந்தன.

சரியாக அந்த நேரம் மாமி தேத்தண்ணியோடு வந்தார். பாயைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததை நான் எப்படி எழுதுவேன்! "அட! பன்னிரண்டு! என்ர பிள்ளைக்குப் பன்னிரண்டு விழுந்திருக்கு! இஞ்சருங்கோ, வந்து பாருங்கோ!" என்று மாமாவைக் கூப்பிட்டார். உன் தலையைத் தடவினார். "நல்ல சகுனம். கொழும்பில இருந்து இந்த மாதம் கூப்பிடுவினம், பாரன்."

"ஓம் மாமி, பன்னிரண்டு" என்றேன் நான்.

நீயும் சிரித்தாய். மாமி குசினிக்குள் போகும் வரைக்கும் சிரித்துக்கொண்டே இருந்தாய். பிறகு என்னைப் பார்த்தாய்.

"எடி, எவ்வளவு விழுந்தது?"

"பன்னிரண்டு."

"அம்மாக்குப் பன்னிரண்டு. எனக்கு எவ்வளவு?"

சோகிகளை அள்ளப் போனேன். நீ என் கையைப் பிடித்தாய். உன் கை குளிர்ந்திருந்தது.

"எல்லாரும் எனக்குச் சட்டத்தை மாத்துகினம். நீயாவது மாத்தாத."

"தங்கம் செத்திட்டாள்" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கு விக்கல் வந்துவிட்டது.

நீ அழவில்லை. நீண்ட நாள் சுமந்த ஒன்றை இறக்கி வைத்தவள் போல் தலையணையில் சாய்ந்தாய். "பிள்ளைக்கு மூச்சுக் கிடைச்சுதோ?" என்று கேட்டாய். கிடைத்தது என்றேன். "பொய் சொல்லாத." "பொய் இல்லையடி. உலகம் என்ர. நான் சொல்லுறதுதான் நடக்கும்." "அப்ப சரி" என்று கண்ணை மூடினாய். மூடியபடியே கேட்டாய். "பிறகு என்ன நடந்தது? அடுத்த நாள் விடிய ஊர் என்ன செய்தது?"

ஆள் செத்தால் விளையாட்டு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். வாயில் வந்ததைச் சொன்னேன். அடுத்த நாள் விடிய வரிசை வழக்கம் போல் நின்றது. தங்கம் நின்ற இடத்தில் அந்தக் குழந்தையின் தாய் ஒரு கல்லை வைத்தாள். கொம்பன் வந்து, "இது ஆற்ர கல்?" என்று உறுமினான். "தங்கத்தின்ர. இப்ப வந்திடுவா" என்றார்கள். வரிசை நகர, பின்னால் நின்றவர் கல்லைக் காலால் தள்ளினார். அடுத்த நாளும் தள்ளினார்கள். கல்லைத் தூக்கி எறிய எந்தச் சட்டத்திலும் இடமில்லை என்பதால் கொம்பன் தன் மேலதிகாரிக்கு எழுதினான். மேலதிகாரி தனக்கு மேலே எழுதினான். பதில் இன்னும் வரவில்லை. வெற்றி பெற்ற அரசாங்கம் முழுக்க ஒரு கல்லை வைத்துக்கொண்டு தவித்தது.

நீ சிரித்தாய், மச்சாள். உண்மையாகவே சிரித்தாய். இருமல் வந்து, மாமி ஓடி வந்து, என்னை ஏசும் வரைக்கும் சிரித்தாய்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் கேட்டாய். "கல்லு எவ்வடத்தில நிக்குது?" நான் சொல்வேன். கடைசியாகக் கதைத்த நாளில், "அது கவுண்டருக்குப் போனா என்ன செய்வினம்?" என்றாய். தெரியாது என்றேன். மெய்யாகவே தெரியாது.

"என்ர மூச்சை வாங்கிப் பின்னால நிக்கிற ஆளுக்குக் குடுக்கச் சொல்லு. சும்மா வீணாக்கப்படாது."

நீ செத்து, எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவும் முடிந்த பிறகு, கொழும்பிலிருந்து சத்திரசிகிச்சைக்குக் கடிதம் போட்டுக் கூப்பிட்டார்கள். நான் உங்கள் வீட்டில்தான் இருந்தேன். மாமி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மாமா துறைமுகத்துக்குப் போட்டுப் போகிற காற்சட்டையோடு நெடுநேரம் நின்றார். பிறகு தபாற்கந்தோருக்குப் போய்த் தொலைபேசியில் கதைத்தார். நான் கூடப் போயிருந்தேன். நடந்ததைச் சொன்னார். அந்தப் பக்கத்தில் ஏதோ சொன்னார்கள். "ஓம் ஐயா. ஓம்" என்றார். வைக்கப் போனவர் மறுபடி காதில் வைத்தார்.

"ஐயா, அந்த இடத்தை அடுத்த பிள்ளைக்குக் குடுத்திடுங்கோ. சும்மா கிடக்க விடாதையுங்கோ."

மாமாவுக்குத் தங்கத்தைத் தெரியாது. நாங்கள் விளையாடியது என்னவென்றே அவருக்குத் தெரியாது. நான் தபாற்கந்தோர்ச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

ஸலீமா இப்போது கலியாணம் கட்டி மூதூரில் இருக்கிறாள். நான் லாஞ்சில் போவது அவளிடம்தான். அவளுடைய வாள்கள் எப்போதோ துருப்பிடித்துவிட்டன. அவளும் வந்து வரிசையில் நின்றுவிட்டாள். பெருநிழலான் இன்னும் ஆளுகிறான். அவனை நாங்கள் தோற்கடிக்கவில்லை, தோற்கடிக்கப் போவதுமில்லை. பாயை விரித்து, சோகியைப் போட்டு, எத்தனை வாய் மேலே பார்க்கிறதோ அத்தனை அடி உன் கல்லை நகர்த்துகிறோம். ஆறும் கவிழ்ந்தால் அது சாவுதான். சட்டத்தை மாற்றவில்லை, மச்சாள். கல்லுக்குச் சாவு இல்லாததால் அந்த முறை அது நின்ற இடத்தில் நிற்கும். அவ்வளவே.

இன்று காலை அந்தப் பெண் பிள்ளையோடு ஓடிவந்தாள். வரிசை அதற்குள் பலகைப் பாலம் வரைக்கும் போயிருந்தது. கல் என் காலடியில் இருந்தது. "ஐயோ, இவ்வளவு தூரம் கொண்டுவந்திட்டீங்களோ!" என்று சிரித்தாள். கல்லைக் காலால் ஒதுக்கிவிட்டுத் தன் இடத்தில் நின்றாள்.

எவ்வளவு லேசாக ஒருவர் திரும்பி வந்து தன் இடத்தில் நின்றுகொள்கிறார் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு குனிந்து அந்தக் கல்லை எடுத்து, சோகிகள் இருந்த பைக்குள் போட்டுக்கொண்டு லாஞ்சில் ஏறினேன். பெருநிழலானின் ஊரில் உன்னுடைய கல் கவுண்டருக்குக் கிட்டே போய்விட்டது. அங்கே போய்ச் சேருகிற நாளில் உன் மூச்சை என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். எனக்குப் பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள்.